பாகான் டாலாம் பட்டறையில் ஒரு மாலை

தைப்பிங் மழையை முதுகில் ஏற்றுக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்பட்ட அன்று பிற்பகலில், பாகான் செராய் என்னும் சிற்றூரைக் கடந்து, இருமருங்கும் நெற்பயிர் அலையாடும் கிரியான் சமவெளியின் நேரான சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, என் இடது பாதம் எனக்கு ஒரு சங்கதியைச் சொல்லிற்று. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறுவதற்காக மிதியைக் கால்விரல்களால் தூக்கினேன். வழக்கமாகக் காலுக்குத் தட்டுப்படும் அந்தச் சிறு தடையும், அதைத் தொடர்ந்து எழும் 'டக்' என்ற ஒலியும் இல்லாமல், அறுந்த பட்டத்தின் நூலை இழுத்தாற்போல மிதி வெறுமையாக மேலே வந்தது. பாரம் இழந்த யந்திரம் அலறிற்று. பின்னால் வந்த லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு என்னை விலகிச் சென்றது. மறுபடி தூக்கினேன், இம்முறை கியர் விழுந்தது. ஆனால், நிபோங் திபால் போய்ச் சேருவதற்குள் அதே பொய்யான நியூட்ரல் இன்னும் மூன்று தடவை வாய்த்தது.

கோலாலம்பூரில் வசிக்கும் என் அத்தை மகன் தன்னுடைய நெடும்பயண மோட்டார் சைக்கிளை இரண்டு வார காலத்துக்கு என்னிடம் ஒப்படைத்திருந்தான். வடக்கே போகிறவர்கள் இக்காலத்தில் பெரும்பாலும் 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, பட்டர்வொர்த்தில்தான் கண் விழிக்கிறார்கள். எனக்கோ ஊர்களைப் பார்க்க வேண்டும்; ஆகையால் தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார், ஈப்போ என்று பழைய முதலாம் எண் சாலையிலேயே வந்தேன். கிரியான் வயல்களைப் பார்த்தபோது அந்தத் தீர்மானம் சரியென்றே தோன்றியது. 1906-இல் முடிந்த புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து பாயும் அந்தப் பூமி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எவருடைய கண்ணையும் சற்று நேரம் பிடித்து நிறுத்திவிடும். அன்று அதை ரசிக்கும் மனநிலை மட்டும் எனக்கு வாய்க்கவில்லை.

நிபோங் திபாலில் ஓர் ஒட்டுக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தே தாரிக் ஆறும்வரை அந்த யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் மனம் முதலில் ஓடுவது கியர்ப் பெட்டியின் உள்ளேதான். அதற்குள்ளே வரி வெட்டிய உருளை ஒன்று சுழல, அதன் வரிகளில் பொருந்திய கவைகள் பற்சக்கரங்களைப் பக்கவாட்டில் நகர்த்த, ஒரு சக்கரத்தின் விலாவில் உள்ள முட்டுப் பற்கள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் புகுந்து பூட்டிக்கொள்கின்றன. கவை வளைந்தாலோ, முட்டுப் பற்களின் விளிம்பு மழுங்கினாலோ, கியர் பாதியில் நழுவும். அதைச் சீர்செய்வதற்கு யந்திரத்தைச் சட்டத்திலிருந்து இறக்கி, இரண்டாகப் பிளக்க வேண்டும். அயல் தேசத்தில், இரவல் வாகனத்தில், இத்தகைய வியாதியைக் கற்பனை செய்துகொண்டு தேநீர் குடிப்பது சுகமான காரியமல்ல.

எஞ்சிய முப்பது கிலோமீட்டரையும், கிளட்சை முழுவதும் பிடித்து, மிதியை வேண்டுமென்றே உயரத் தூக்கி, கியர் விழுந்ததைக் காலால் உறுதி செய்த பின்பே கிளட்சை விட்டு, மெதுவாகக் கடந்தேன். 1800-இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று வெல்லஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட கரைப்பகுதி இது. இன்று செபராங் பிறை. இங்கே முதலில் கரும்புக்காகவும் பின்னர் ரப்பருக்காகவும் காடு அழிக்கப்பட்டபோது, அந்த மண்ணில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் நம்மவர்கள். தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் சாலையோரத்தில் திடீரென்று ஒரு மாரியம்மன் கோயிலின் சிறு கோபுரம் தெரியும்போது, பக்கத்தில் ஒரு காலத்தில் லயங்கள் இருந்திருக்கும் என்று எளிதில் அனுமானித்துவிடலாம்.

பட்டர்வொர்த் என்ற பெயர், 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த் என்பவருடையது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்தக் கவர்னரைப் பொருட்படுத்தாமல் 'பாகான்' என்றே சொல்லுகிறார்கள். மலாய் மொழியில் படகு அணையும் துறைக்கு அந்தச் சொல். ரயிலும் பேருந்தும் படகும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. எல்லோரும் இங்கே இறங்குகிறார்கள். இறங்கிய மறுகணமே கடலுக்கு அக்கரையில் தெரியும் பினாங்கைப் பார்த்து நடக்கிறார்கள். நானும் அப்படி நடந்திருப்பேன். கியர் தகராறு செய்ததால்தான் துறைக்கு அருகே தமிழர் நிறைந்த பாகான் டாலாம் பகுதியில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் கிடைத்தது.

பட்டறை, தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் ஆறேழு கப்சாய்கள் சாய்ந்து நின்றன. மலேசியாவில் சாமானிய மனிதனின் வாகனம் இந்தக் கப்சாய்தான். 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப் வண்டியின் வமிசம். அந்தக் 'கப்'தான் இங்கே செல்லப்பெயராகி ஒட்டிக்கொண்டது. உள்ளே மின்னல் வானொலி பாடிக்கொண்டிருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க போமன் ஒருவர் - மெக்கானிக்கை இங்கே போமன் என்றுதான் அழைக்கிறார்கள் - கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் கியர்ப் பெட்டியைப் பற்றிய என் பயங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டியத் தொறக்கிறது கடைசி வேலை தம்பி. மொதல்ல வெளிய என்னா இருக்குன்னு பாப்போம்."

யந்திரத்தை இயக்கிப் பார்க்கவில்லை; ஓட்டிப் பார்க்கவும் இல்லை. ஒரு சிறு பலகையைப் போட்டு வண்டியின் இடப்பக்கம் அமர்ந்தார். இடக்கையின் இரண்டு விரல்களால் கியர் மிதியைப் பிடித்தார். வலக்கையின் ஆள்காட்டி விரலை, யந்திரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் அச்சின் மேல் வைத்தார். பிறகு மிதியை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். மிதி புறப்பட்ட பிறகு அச்சு புறப்படுவதற்கு எவ்வளவு தாமதமாகிறது என்பதை அந்த விரல் கணக்கிட்டது. வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. மிதியின் நுனி ஏறத்தாழ ஒரு விரல் கனத்துக்கு வெறுமனே ஆடிய பின்புதான் அச்சில் உயிர் தெரிந்தது.

"கப்சாயில ஒரே எடந்தான் ஆடும் தம்பி, லிவரு நேரா அச்சுல ஒக்காந்திருக்கு. பெரிய மோட்டோவுல நாலு எடம். மிதி திரும்புற ஆணி ஒண்ணு, ராடுக்கு ரெண்டு பக்கமும் பால் ஜாயிண்ட்டு, அப்புறம் அச்சக் கவ்வுற போல்ட்டு. நாலுலயும் கொஞ்சங் கொஞ்சம் ஆடுனா, காலுக்கு வரையில மொத்தமா வந்துரும்."

இந்த நான்கு இடங்களும் ஏன் ஏற்பட்டன என்பதை யோசிக்கத் தகும். ஆதியில் மோட்டார் சைக்கிள்களுக்குக் கியர் மாற்றுவது கையால்தான்; பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். ஒரு தட்டுக்கு ஒரு கியர் என்று நின்று, தானே நடுநிலைக்குத் திரும்பும் கால் மிதியை, பர்மிங்காம் நகரத்து வெலோசெட் கம்பெனியில் ஹரால்ட் வில்லிஸ் என்பவர் 1928-ஐ ஒட்டிப் பந்தய வண்டிகளுக்காக அமைத்தார். உலகம் அதையே பின்பற்றிற்று. எந்தக் கால் என்பதில் மட்டும் தேசத்துக்குத் தேசம் வழக்கம் வேறு. ஆங்கில வண்டிகளில் வலக்கால். அந்த மரபில் வந்து 1956 முதல் நம் திருவொற்றியூரில் உருவான புல்லட்டையும் பல பத்தாண்டுகள் நாம் வலக்காலாலேயே மாற்றினோம். 1974-இல் அமெரிக்கச் சட்டம் இடக்காலைக் கட்டாயமாக்கியபோது, வலப்பக்கத்து அச்சின் வேலையை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோக ஆங்கிலக் கம்பெனிகள் குறுக்கே கம்பிகளையும் நெம்புகோல்களையும் பூட்டின. மூட்டுகள் கூடின, மூட்டுகளோடு ஆட்டமும் கூடிற்று. இன்றைய நெடும்பயண வண்டியில் அத்தகைய குறுக்குப் பாதை இல்லை. ஆனால், நீண்ட நேரம் உட்கார்ந்து செல்கிறவனுடைய பாதம் இருக்க வேண்டிய இடம் ஒன்று, கியர் அச்சு இருக்கிற இடம் வேறொன்று; இரண்டையும் இணைக்க ஒரு கம்பி தேவைப்படுகிறது. அந்தக் கம்பியின் நீளத்தை ஓட்டுகிறவன் தன் காலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, ஒரு முனையில் வலமறையும் மறு முனையில் இடமறையும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கமாகத் திருகினால் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கும்; மறுபக்கம் திருகினால் விலகும். விரும்பியபோது திரும்ப வேண்டும், விரும்பாதபோது அசையக் கூடாது என்ற இந்த இரண்டு விரோதமான கடமைகளுக்கும் இடையில் காவல் நிற்பவை முனைக்கு ஒன்றாக உள்ள இரண்டு சிறிய லாக் நட்டுகளே.

பெரியவர் அந்தக் கம்பியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, வானொலியின் குமிழைத் திருப்புவதுபோல் திருப்பினார். அது தாராளமாகச் சுழன்றது.

"இந்த ராட கடைசியா யாரு தொட்டது?"

நான்தான் தொட்டேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, என்னுடைய தடித்த காலணி மிதிக்கு அடியில் சுலபமாக நுழையவில்லை என்று, கம்பியைச் சிறிது திருகி மிதியை உயர்த்தினேன். கையில் இருந்தது ஒரே ஸ்பானர். கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் நட்டை மட்டும் முடுக்கினேன். நட்டு இறுகுவதற்குப் பதிலாகக் கம்பியும் கூடவே திரும்பி, பந்து மூட்டு அதன் ஓரம் வரை சாய்ந்து முட்டி நின்றது; அந்த முட்டலையே இறுக்கம் என்று என் கை எண்ணிக்கொண்டது. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப ஒண்ணு அன்னிக்கே லூசு. ஒண்ணு கழண்டா இன்னொண்ணு கொஞ்ச தூரந் தாங்கும். ரெண்டாவதும் விட்டுச்சின்னா ராடு தானாச் சுத்தும், மிதி தானா எறங்கும்."

என் அனுபவத்தில் மிகவும் முக்கியமாக நான் கருதுவது இந்த இடத்தைத்தான். மிதி ஒரே நாளில் இறங்கவில்லை. ஈப்போவுக்கு வரும்போதே சிறிது இறங்கியிருக்க வேண்டும். தைப்பிங்கில் இன்னும் சிறிது. கால் அதைக் கண்டு முறையிடாமல், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்து, அதிகமாகத் தூக்கி, குறையைத் தன்மேல் போட்டுக்கொண்டு பழகிவிட்டது. தூக்குவதற்குக் கணுக்காலில் இடம் தீர்ந்துபோன அன்றைக்குத்தான் கியர் பாதி வழியில் நின்றது. உடல் இவ்வளவு விசுவாசமாக ஈடுசெய்வதால்தான், தளர்ச்சி வெளியே இருக்க, சந்தேகம் உள்ளே இருக்கும் கியர்ப் பெட்டியின் மேல் விழுகிறது. எத்தனை பேர் இந்தச் சந்தேகத்தின் பேரில் நல்ல பெட்டியைப் பிளந்திருப்பார்களோ! அலட்சியமாக விட்டால் அந்தச் சந்தேகம் நாளடைவில் உண்மையாகவும் ஆகிவிடும். பாதியில் நிற்கும் கியரை விசையோடு புகுத்தப் புகுத்த, உள்ளேயுள்ள முட்டுப் பற்களின் விளிம்பு மெய்யாகவே மழுங்கும்.

வேலை தொடங்கிற்று. முதலில் அச்சைக் கவ்வும் நெம்புகோல் கையைக் கழற்றினார். அச்சின் மேல் நுண்ணிய பற்கள் வெட்டியிருக்கும். கையின் துளையில் அவற்றுக்கு ஏற்ற பள்ளங்கள் உண்டு. கையில் ஒரு பிளவு இருக்கும். போல்ட்டை முடுக்கினால் பிளவு நெருங்கி, கை அச்சை இறுகப் பிடிக்கும். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் கை வெளியே வராது, பல வண்டிகளில் போல்ட்டின் உடம்பே அச்சில் உள்ள ஒரு காடியில் பதிந்திருக்கும், ஆகையால் அதை முற்றிலும் உருவிவிட வேண்டும், நெம்பினால் அச்சு கெடும் என்று, பட்டறையில் உதவிக்கு நின்ற தம் பேரனுக்குச் சொல்லியபடியே செய்தார். எடுப்பதற்கு முன் அச்சின் முகத்திலுள்ள புள்ளிக்குறி கையின் பிளவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பற்களைத் தூரிகையால் துலக்கிப் பார்த்தபோது ஓரிரண்டின் முனை பளபளத்ததேயன்றித் தேயவில்லை. "பொளவு மூடிக்கிடுச்சா இல்லியான்னு பாக்கணும் தம்பி. மூடிக்கிட்டா போல்ட்ட எவ்வளவு முடுக்குனாலும் வீணு. கைய மாத்தணும். அச்சு போச்சுன்னாதான் பெரிய செலவு." என் வண்டியில் பிளவு மூடியிருக்கவில்லை.

மிதி திரும்பும் ஆணியைக் கழற்றியபோது அதிலே கிரீஸ் என்பதன் அடையாளமே இல்லை. மழையும் மண்ணும் சேர்ந்த பழுப்புப் பசை ஒன்று இருந்தது. அதைத் துடைத்துப் புதிய கிரீஸ் வைத்தார். பந்து மூட்டுகளின் ரப்பர் உறைகள் கிழியவில்லை. உறை கிழிந்திருந்தால் உப்புக் காற்றும் மணலும் உள்ளே புகுந்து பந்தை அரித்துவிடும். அந்த ஆட்டத்துக்கு முடுக்குதல் பரிகாரமல்ல, மூட்டையே மாற்ற வேண்டும்.

பின்பு கம்பியை எடுத்து, இரு முனைகளிலும் மறை சம அளவில் உட்புகுந்திருக்குமாறு திருகி, என்னைக் காலணியோடு வண்டியில் அமரச் சொல்லி, பாதம் இயல்பாக வைத்த நிலையில் விரல்கள் மிதிக்கு அடியில் தடையின்றி நுழையும் உயரத்தை நிர்ணயித்தார். கம்பிக்கும் அச்சின் கைக்கும் இடையேயுள்ள கோணம் ஏறத்தாழ செங்கோணமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். அந்தக் கோணம் வெகுவாக மாறினால் ஆட்டமே இல்லாத இணைப்பிலும் மேலே போகும் கியர் ஒருவிதமாகவும் கீழே வரும் கியர் ஒருவிதமாகவும் விழும் என்றார். இரண்டு பந்து மூட்டுகளும் ஒரே வாக்கில் நிமிர்ந்திருக்கும்படி ஒரு கையால் பிடித்து, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரால் கம்பியைக் கட்டி நிறுத்தி, இன்னொரு பத்தாம் நம்பரால் நட்டை முடுக்கினார். இடமறையுள்ள முனையில் முடுக்கும் திசை நேர்மாறு என்பதை மறந்து, தளர்த்துவதாக எண்ணி முடுக்குகிறவர்களும், முடுக்குவதாக எண்ணித் தளர்த்துகிறவர்களும் உண்டு.

பேரன் ஒரு ஸ்பிரிங் வாஷரை நீட்டினான். பெரியவர் தலையை அசைத்தார். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்து அப்படிச் செய்யவில்லை. ஆனால், கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவருக்குச் சாட்சி சொல்லும். நட்டுகள் கழல்வதற்கு முதன்மையான காரணம், அதிர்வு அவற்றை நேராக இழுப்பதல்ல; இணைந்த பாகங்கள் குறுக்குவாட்டில் நுண்ணிதாக வழுக்கும்போது மறையின் உராய்வு ஒரு கணம் அற்றுப்போக, நட்டு தானாகவே திரும்பிக்கொள்கிறது என்பதை யுங்கர் பரீட்சை யந்திரம் அமைத்துக் காட்டினார். அந்தப் பரீட்சையில் சுருள் வாஷர்கள் பெரிய பயன் தரவில்லை. பயன் தருவன இரண்டு: வழுக்கலுக்கே இடம் தராத சரியான முடுக்கம் ஒன்று, மறைகளுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை நிரப்பும் பசை மற்றொன்று. அந்தப் பசை, காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருந்து, காற்றற்ற இடுக்கில் உலோகத்தைத் தொட்டவுடன் இறுகும் விசித்திர ஸ்வபாவம் உடையது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் 1953-இல் அதை உருவாக்கினார். நீலம், சிவப்பு என்று நிறத்தால் வகை பிரித்து விற்கிறார்கள். நீலம், கைக்கருவியால் மீண்டும் கழற்றத்தக்கது; சிவப்பு, கழற்ற வேண்டுமானால் நெருப்புச் சூடு காட்ட வேண்டியது. அடிக்கடி திருத்த வேண்டிய கியர் இணைப்புக்கு நீலமே உரியது.

பெரியவர் மறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாதபடி துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சொட்டு நீலம் வைத்தார். அச்சைக் கவ்வுவது ஆறு மில்லிமீட்டர் போல்ட்டு. அதற்குப் பத்து நியூட்டன்-மீட்டர் அளவான முடுக்கமே பெரும்பாலும் போதும், தோள் பலத்தைக் காட்டினால் மறை உரிந்துவிடும். முடுக்கிய பின், பேரனிடமிருந்து மஞ்சள் வர்ணப் பேனாவை வாங்கி, நட்டின் மேலும் கம்பியின் மேலுமாகச் சேர்த்து ஒரு நேர்கோடு கிழித்தார். மற்ற முனையிலும் ஒன்று; அச்சின் போல்ட்டில் ஒன்று.

"இந்தக் கோடு நேரா இருந்தா எல்லாஞ் சரி. ஒடஞ்சி தெரிஞ்சா நட்டு நடக்குதுன்னு அர்த்தம். காலையில கெளம்பறப்ப குனிஞ்சி ஒரு தடவ பாருங்க. மருந்து நாளைக்குத்தான் முழுசாக் காயும். அதனால ராவுக்கு வண்டிய எடுக்காதீங்க."

ராத்திரி வண்டியை எடுக்க முடியாதென்று ஆனதால் பேச்சு நீண்டது. வழியில் கம்பி கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். துருப்பிடிக்காத கட்டுக்கம்பியோ நைலான் பட்டையோ மூட்டை அதன் இடத்தில் கட்டி வைக்கும். கையின் பற்கள் தேய்ந்து வழுக்கினால், குளிர்பானக் குவளையின் மெல்லிய தகட்டில் ஒரு பட்டை வெட்டி இடையில் வைத்து முடுக்கினால் அடுத்த ஊர் வரை வரும். ஒன்றும் முடியாவிட்டால் வைஸ் கிரிப்பால் அச்சைப் பிடித்து இரண்டாம் கியரில் போட்டு, அந்த ஒரே கியரில் ஊர்ந்து வர வேண்டியதுதான். இரண்டு பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு ஆறு மில்லிமீட்டர் போல்ட்டு, இரண்டு நட்டு - இவை உள்ளங்கையில் அடங்கும். இவை இல்லாமல் தொலைதூரம் கிளம்பக் கூடாது என்றார்.

அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவராம். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லும்போது, தகப்பனாரின் குரலையே தம் குரலில் வரவழைத்துக்கொண்டவர்போல் அவர் சொன்னார். கரையேறுவதற்கு முன் ஜெரெஜாக் தீவில் தனித்து வைக்கப்பட்டது, துறையில் மூட்டை தூக்கியது, பின்னர் பிள்ளையை மோட்டார் கடையில் வேலைக்குச் சேர்த்தது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கூலி என்ன என்று கேட்டபோது பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) என்றார். என்ன நடந்தது என்று மறுநாள் சேதி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார்.

காலையில் பினாங்குக்குப் பாலத்தின் வழியாகப் போகலாம். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும் 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலமும் இருக்கின்றன. 2019 முதல் இரண்டிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கமும் இல்லை. நான் படகையே தேர்ந்தேன். 1894-இல் தொடங்கிய போக்குவரத்து இது. தீவுகளின் பெயர் தாங்கிய, கார்களையும் சுமந்த பழைய இரட்டை அடுக்குப் படகுகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய படகுகள் மனிதர்களையும் இருசக்கர வாகனங்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஆகையால் காலைப் படகு முழுவதும் கப்சாய்களும், வேலைக்குப் போகிறவர்களின் தலைக்கவசங்களுமாக இருந்தது. நான் குனிந்து மஞ்சள் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த இளைஞன், "என்னா அண்ணே, மோட்டோ ரோசாக்கா?" என்று, வண்டி பழுதா என்ற பொருளில், பரிவோடு விசாரித்தான். இல்லை என்று சொல்லிவிட்டு, அவனுடைய கப்சாயின் கியர் லிவரைத் தொட்டுப் பார்த்தேன். தொடுகிற கை அதற்குள் பழகிவிட்டது. லிவர் அச்சின் மேல் தளதளவென்று ஆடிற்று. பத்தாம் நம்பரால் முடுக்கினேன். பிளவு ஏற்கெனவே முற்றிலும் மூடியிருந்தது. அவனிடமிருந்த காலிக் குவளையைக் கத்தரித்து ஒரு பட்டையை உள்ளே செலுத்தி முடுக்கி முடிப்பதற்குள் படகு அக்கரையை நெருங்கிவிட்டது. இது இன்றைக்கு மட்டுந்தான், சம்பளத்தன்று புது லிவர் போட்டுவிடு, அச்சு தேயும்வரை விடாதே என்று சொன்னேன். சரியென்று தலையாட்டி, இரண்டு தடவை கியரை மாற்றிப் பார்த்துவிட்டு, ஜார்ஜ் டவுன் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

தீவைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். நான் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பாலிக் புலாவ் மலை வளைவுகளைச் சுற்றி வந்தேன். அந்த வளைவுகளில் நூறு தடவைக்கு மேல் கியர் மாற்றியிருப்பேன், ஒன்றும் தவறவில்லை. மாலைப் படகில் பட்டர்வொர்த் திரும்பித் தங்கி, விடிந்ததும் மறுபடி வடக்கே புறப்பட்டேன்.

பினாங்கு மாநிலத்தின் எல்லையாகிய மூடா ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும், புல் விளிம்பில் வண்டியை நிறுத்தினேன். எதிரே 1217 மீட்டர் உயரத்து ஜெராய் மலை மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பல் படை தேடி வந்த கடாரத்தின் கரை இது. அந்த மாலுமிகளுக்கு நடுக்கடலில் முதலில் தெரிந்திருக்கக்கூடிய அடையாளம் அந்த மலை. அதன் மறுபக்க அடிவாரத்தில், குருன் ஊரில்தான் இன்று மொடேனாஸ் தொழிற்சாலை இந்நாட்டுக் கப்சாய்களைப் பூட்டி அனுப்புகிறது. புல்லில் முழங்காலிட்டுப் பார்த்தேன். மூன்று கோடுகளும் நேராக இருந்தன. கம்பியை விரலால் திருப்ப முயன்றேன், அசையவில்லை. கைப்பேசியில் படம் பிடித்துப் பாகான் டாலாமுக்கு அனுப்பினேன்.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருக்கையில் பேரனிடமிருந்து பதில் வந்தது: "தாத்தா பாத்துட்டாரு. இன்னும் எரநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு படம் அனுப்பச் சொன்னாரு."